மலைநாட்டில் டிஸ்க் பிரேக் பேட் எவ்வளவு நாள் தாங்கும்? புதிதாக ஓட்டத் தொடங்குபவர்களுக்கு

டிஸ்க் பிரேக் பூட்டிய சைக்கிளை முதன்முதலாக வாங்குகிறவர் கடையில் கேட்கிற கேள்வி: "இந்த பேட் எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" கடைக்காரரும் சளைக்காமல் ஆயிரம் என்பார், இரண்டாயிரம் என்பார். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஓட்டுகிறவருக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஹப்புத்தளையிலோ இருந்துகொண்டு அதை நம்பினால், ஏதோ ஒரு வளைவில் வயிற்றைக் கலக்கும். நம்முடைய ரோட்டில் பேட்டைத் தின்பவை இறக்கமும் மழையும் சேறும். தூரம் அதற்குப் பிறகுதான்.

பேட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நீங்களே பார்க்கவும், மாற்றவும், மாற்றியதைக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டவும் தேவையானதைக் கீழே எழுதியிருக்கிறேன். கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். பார்ப்பதற்கு ஒரு அலன் கீ செட், கைப்பேசி டோர்ச், காலாவதியான ஒரு ஏ.டி.எம். கார்ட் இருந்தால் போதும்; மாற்றும்போது ஒரு பிளாஸ்டிக் டயர் லீவரும் குறடும் சேரும்.

இறக்கத்தை எண்ணுங்கள்

நீங்களும் சைக்கிளும் பையும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீற்றர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 830 கிலோஜூல் சக்தியை எங்கேயாவது கொட்டித் தீர்த்தாக வேண்டும். கேத்தலில் இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அவ்வளவு வெப்பம் போதும். அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள இரண்டே பேர்தான் உண்டு: ஒன்று எதிர்க்காற்று, மற்றது பிரேக்.

வேகமாக இறங்குகிறவரிடமிருந்து பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மணிக்கு 15, 20 கிலோமீற்றரில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவரிடம் காற்று வாங்குவது சொற்பம். மற்றதெல்லாம் பேட்டுக்கும், அது அழுத்திப் பிடிக்கிற ரோட்டருக்கும் (சில்லோடு சுழல்கிற உருக்குத் தட்டு) போகிறது. ஒரே றோட்டில் ஒரே சைக்கிளில் பழகியவரின் பேட் நிலைத்திருக்க, புதியவரின் பேட் சீக்கிரம் கரைவதற்கு இதுதான் காரணம். பஸ், லொறிக்காரர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று. சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. பெடலை நிறுத்தினால் பின்சில்லு தன்பாட்டில் ஓடும். எந்தக் கியரில் இருந்தாலும் ஒன்றுதான்.

சில வழிகளைப் பாருங்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் கீழே வருவது ஏறத்தாழ 1,400 மீற்றர். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய போனால் 1,200க்கு மேல். எல்லயிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய வருகிற வழி தூரத்தில் குறைவு, ஆனாலும் 800 மீற்றருக்கு மேல் கீழே விழுகிறது. அதே நேரம் கிரகரி வாவியை நாள் முழுக்கச் சுற்றினாலும் பேட்டுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டையும் கிலோமீற்றர் என்ற ஒரே கணக்கில் எழுதி வைப்பதில் அர்த்தமில்லை.

கைப்பேசியில் பயணத்தைப் பதிவு செய்கிற செயலி எதை வைத்திருந்தாலும் அது ஏறிய உயரத்தைக் காட்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறீர்கள் என்றால் ஏறிய அளவு இறங்கியும் இருப்பீர்கள். அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். புதிய பேட்டை அளந்து வைத்து, பத்தாயிரம் மீற்றர் இறங்கிய பிறகு மறுபடி அளந்தால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். உதாரணத்துக்கு, தேயத்தக்க பகுதி 2 மில்லிமீற்றர் இருந்து, பத்தாயிரத்துக்கு 0.4 தேய்ந்தால், 1 மில்லிமீற்றரில் மாற்றுகிற உங்களுக்கு அந்த பேட் இருபத்தைந்தாயிரம் மீற்றர் இறக்கத்துக்கு வரும். இந்த எண்கள் கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான். உங்கள் எடை, உங்கள் றோடு, உங்கள் பயம் மூன்றும் சேர்ந்து தருகிற எண் வேறாக இருக்கும்.

சரி, கிலோமீற்றரில்தான் சொல்லுங்கள் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: சமதரையில், உலர்ந்த காலத்தில் ஒரு சாதாரண ரெசின் பேட் (வகைகள் பற்றிக் கீழே சொல்கிறேன்) 1,500 கிலோமீற்றரைத் தாண்டி ஓடுவது வழக்கம். மலையும் மழையும் சேர்ந்தால் 500 முதல் 1,000 வரை என்று எடுத்துக்கொள்வது நல்லது. மெட்டல் பேட் அதைவிடக் கணிசமாகக் கூட ஓடும். தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் அடைமழைக்குள் ஓட்டினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. புதிய பேட் ஒரே நாளில் தீர்ந்துபோகிற ஆபத்தும் அங்கே உண்டு.

எந்தப் பக்கத்து மழை?

தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கிறது: கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா. அதே மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். வெலிமடை, பண்டாரவளையில் வரட்சிக் காற்றும் தூசியும்தான். வடகீழ் பருவமழை டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை பதுளைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே "மழைக்காலம்" என்று ஒன்று மலைநாடு முழுமைக்கும் கிடையாது. ஹற்றன்காரர் ஜூனில் வாரந்தோறும் பேட்டைப் பார்க்க வேண்டும். பண்டாரவளைக்காரர் அதே கவனத்தை டிசெம்பரில் காட்டினால் போதும்.

மழை தனியாகப் பேட்டை அவ்வளவு தின்பதில்லை. மழைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு வருகிற மண்தான் தின்கிறது. நம் மலைகளின் பாறை சிதைந்து வருகிற மணலில் படிகக்கல் துகள் நிறைய உண்டு. அது உருக்கைவிடக் கடினம். றோட்டோரக் கானில் நிரம்பி வழிகிற செம்மண் தண்ணீரில் நாலு தரம் சில்லு இறங்கினால், பேட்டுக்கும் ரோட்டருக்கும் நடுவில் அந்தத் துகள் போய் உட்கார்ந்துகொண்டு அரைக்கும். "கர கர" என்று கேட்பது அதன் சத்தம். அப்படிக் கேட்டால் நின்று, குடிக்கிற தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்துக் கேலிப்பரை (பேட்டுகள் இருக்கிற கூடு) கழுவிவிட்டுப் போங்கள். ஒரு நிபந்தனை: ரோட்டர் ஆறியிருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தின் நடுவில் கொதித்துக் கிடக்கிற ரோட்டரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அது கோணிவிடலாம்.

உங்களிடம் இருப்பது எது?

பிரேக் லீவரிலிருந்து கேலிப்பர் வரை போவது கம்பியா, எண்ணெய்க் குழாயா என்று முதலில் பாருங்கள். கம்பி என்றால் கேபிள் டிஸ்க். விலை குறைந்த சைக்கிள்களில் இதுதான் அதிகம். பேட் தேயத் தேய லீவர் கைப்பிடிக்கு நெருங்கி வரும். அதுவே எச்சரிக்கை மணி. குழாய் என்றால் ஹைட்ரோலிக். இது தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும்: பேட் மெலிந்த அளவுக்கு, அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், லீவர் எப்போதும் போல் கெட்டியாகவே இருக்கும். புதியவர்களை ஏமாற்றுவது இந்த வசதிதான். கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் பேட் முழுவதும் தீர்ந்து, இரும்பில் இரும்பு உரசுகிற வரைக்கும் போய்விடலாம். ஹைட்ரோலிக் வைத்திருப்பவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பேட்டில் இரண்டு சாதி முக்கியம். ரெசின் பேட் சத்தம் குறைவு, முதல் பிடியிலேயே பிடிக்கும், ரோட்டரை அதிகம் தேய்க்காது. ஆனால் சேற்றில் சீக்கிரம் கரையும், சூடேறினால் பிடி தளரும். மெட்டல் பேட் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும், கூடுதல் நாள் வரும். சத்தம் போடும், ரோட்டரைத் தேய்க்கும், கேலிப்பருக்குள் கூடுதல் வெப்பத்தைக் கடத்தும். நம்முடைய நீண்ட இறக்கங்களுக்கும் மழைக்கும் மெட்டல்தான் என்னுடைய தெரிவு. ஆனால் வாங்குவதற்கு முன் ரோட்டரைத் துடைத்துவிட்டு அதில் பொறித்திருப்பதை வாசியுங்கள். "ரெசின் பேட் ஒன்லி" என்று ஆங்கிலத்தில் இருந்தால் மெட்டல் பேட் போடக் கூடாது. அந்த ரோட்டரின் உருக்கு அதைத் தாங்காது. ஷிமானோ கம்பனியின் குறைந்த விலை ரோட்டர்கள் பலவற்றில் இந்த எழுத்து இருக்கும். அப்படியானால் ரெசினோடு இருங்கள், அல்லது ரோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

பேட்டின் வடிவம் பிரேக்குக்குப் பிரேக் வேறு. பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவதைவிடப் பழைய பேட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குவது நிச்சயம். மலைநாட்டு நகரங்களில் கிடைக்காத வடிவத்துக்குக் கண்டியில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் கொழும்புப் புறக்கோட்டை டாம் வீதிச் சைக்கிள் கடைகள் இருக்கின்றன. கொழும்புக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லி அனுப்பினால் பழைய பேட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

பார்ப்பது எப்படி

ஹற்றன் பஜாரில் ஒரு கடையில் நின்றிருந்தபோது, தோட்டத்துப் பையன் ஒருவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, பிரேக் புடிச்சா கிரீச்சுனு கத்துது. கொஞ்சம் எண்ண விட்டுக் குடுங்க." மெக்கானிக் பதில் சொல்லாமல் சில்லைக் கழற்றி, பேட்டை வெளியே இழுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, இதுல பேட் எங்க இருக்கு? வெறுந் தகரந்தான்." பேட்டின் தேயும் பகுதியைத் தாங்குகிற முதுகுத் தகடு ஓர் ஓரத்தில் கத்தி மாதிரி மெலிந்து பளபளத்தது. ரோட்டரில் நகத்தை வைத்து இழுத்தால் சிக்கியது, அவ்வளவு ஆழத்துக்குக் கோடு. பேட்டோடு போக வேண்டிய செலவு ரோட்டருக்கும் சேர்ந்துவிட்டது.

அவனைப் போல் ஆகாமலிருக்க ஐந்து நிமிடம் போதும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கேலிப்பரின் மேல்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒரு நீள்துளை இருக்கும். மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமிருந்து டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் பளிச்சென்று தெரிவது ரோட்டர். அதன் இரு பக்கமும் மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரிவது தேயும் பகுதி. அதற்கும் வெளியே வழுவழுப்பாக நிற்பது முதுகுத் தகடு. புதியவர்கள் முதுகுத் தகட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "நிறைய இருக்கே" என்று திருப்திப்படுவார்கள். தகடு கணக்கில் இல்லை.

இரண்டு பேட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கேலிப்பர் நடுவில் இல்லை, அல்லது ஒரு பிஸ்டன் இறுகியிருக்கிறது. முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் பாருங்கள். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்குரியது. ஆனால் முன்பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்ற பயத்தில் பின்னையே பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்குப் பின்பேட் முதலில் போகும்.

சந்தேகமாக இருந்தால் சில்லைக் கழற்றி பேட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஷிமானோ, தேயும் பகுதி 0.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறது. இன்னொரு பிரேக் கம்பனியான ஸ்ராம், தகட்டையும் சேர்த்து மொத்தத் தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றச் சொல்கிறது. ஏ.டி.எம். கார்ட்டின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். அதைத் தேயும் பகுதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்ட்டளவுக்கு வந்துவிட்டால் இனி இறக்கத்துக்குப் போகக் கூடாது. என் கணக்கில் மலைநாட்டில் 1 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிட வேண்டும். கம்பனி சொல்கிற 0.5 சமதரையில் வீட்டுக்குப் போய்ச் சேரப் போதும். இங்கே மழைக்குள் ஒரு நீண்ட இறக்கம் மிச்சமிருக்கிற அரை மில்லிமீற்றரை அப்படியே கொண்டுபோய்விடலாம், அதுவும் கீழே வந்து சேர்வதற்கு முன்.

ரோட்டரையும் விட்டுவிடாதீர்கள். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மில்லிமீற்றர், 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும். அளக்க வேர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி தேவை. கடையில் கேட்டால் அளந்து தருவார்கள்.

எவ்வளவுக்கு ஒரு தரம் பார்ப்பது? ஈரக்காலத்தில் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன், உலர்காலத்தில் மாதம் ஒரு தரம்.

மாற்றுவது

சில்லைக் கழற்றுங்கள். ஹைட்ரோலிக் என்றால் சில்லு இல்லாத நேரத்தில் லீவரைத் தொடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் லீவர் பக்கம் ஒரு கண் வையுங்கள், அவர்களுக்கு அதை அமுக்கிப் பார்ப்பதில் தனி ஆசை.

பழைய பேட் உள்ளே இருக்கும்போதே, இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் டயர் லீவரைக் கொடுத்து மெதுவாக அகட்டுங்கள். பிஸ்டன்கள் உள்ளே போகும். பழைய பேட் எப்படியும் குப்பைக்குத்தான், அது கீறுப்பட்டால் பரவாயில்லை. பேட்டை எடுத்த பிறகு ஸ்குரூடிரைவரால் பிஸ்டனை நேரடியாகக் குத்தித் தள்ளாதீர்கள், பிஸ்டன் உடைகிற வகைப் பொருள். பிஸ்டனைச் சுற்றி அழுக்கு இருந்தால் தள்ளுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டைப் பிடித்திருப்பது சிறு திருகாணியாகவோ, முனை வளைத்த ஊசியாகவோ இருக்கும். ஊசி என்றால் குறட்டால் நேராக்கி இழுங்கள். திருகாணியின் முனையில் ஒரு நுண்ணிய கிளிப் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். புல்லுத் தரையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், விழுந்தால் கிடைக்காது. இரண்டு பேட்டும் நடுவிலிருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வெளியே வரும். எந்தப் பக்கம் எது இருந்தது என்று முன்கூட்டியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பேட்டோடு புதிய ஸ்பிரிங்கும் வரும், அதையே போடுங்கள். ஸ்பிரிங்கின் கால் பேட்டின் முகத்துக்கு வந்து ரோட்டரில் படாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊசியைப் போட்டு வளைக்க வேண்டும்.

பேட்டின் முகத்தை விரலால் தொடாதீர்கள். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை என்றால் ஒரு துளி போதும், புதிய பேட் போன மாதிரிதான்.

சில்லைப் போட்டு, லீவரைச் சில தரம் அமுக்குங்கள். பிஸ்டன் தன் இடத்துக்கு வந்து லீவர் கெட்டியாகும். இது முக்கியம். அமுக்காமல் அப்படியே ஏறி இறக்கத்தில் விட்டால் முதல் பிடி வெறுமையாகப் போகும். சில்லைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் உரசினால் கேலிப்பரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, லீவரை இறுகப் பிடித்தபடி மறுபடி முடுக்குங்கள். பெரும்பாலும் அதுவே நடுவுக்கு வந்துவிடும்.

கேபிள் டிஸ்க்கில் ஒரு வித்தியாசம். பல மாதிரிகளில் வெளிப்பக்கத்து பேட் மட்டும்தான் அசையும். உள்பக்கத்தது அசையாமல் நிற்க, ரோட்டர் அதன்மேல் வளைந்து போய்ப் படும். ஆகவே உள்பக்க பேட்டை அதற்கான திருகால் ரோட்டரில் பட்டும் படாமலும் நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்குப் பிறகு கேபிளைச் சரிசெய்யுங்கள். பேட் தேயும்போதும் இதே ஒழுங்குதான். கேபிளை மட்டும் இழுத்து இழுத்து முடுக்குகிறவர்களின் உள்பேட் இடைவெளி கூடிக்கொண்டே போய், கடைசியில் எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்காத நிலை வரும். நம்முடைய ஈரத்தில் கேபிள் உறைக்குள் துரு பிடிப்பதும் அதிகம்; லீவரை விட்டதும் அது சட்டென்று திரும்பாவிட்டால் கேபிளையும் உறையையும் மாற்றுங்கள்.

பழக்காமல் இறங்காதீர்கள்

புதிய பேட் வாங்கிய அன்றே பிடிக்காது. பேட்டின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டரில் படிந்த பிறகுதான் முழுப்பிடி வரும். மணிக்கு 20 கிலோமீற்றர் அளவுக்கு வேகம் எடுத்து, சில்லு இறுகி வழுக்காமல், நடக்கிற வேகத்துக்கு வரும்வரை ஒரே சீராகப் பிடியுங்கள். முழுவதும் நிறுத்த வேண்டாம். இப்படி இருபது தரம். பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் பத்துத் தரம். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக.

இதற்குச் சமதரை வேண்டும் என்பதுதான் மலைநாட்டில் தொல்லை. நுவரெலியாக்காரருக்கு வாவியோரம் இருக்கிறது. மற்றவர்கள் பாடசாலை மைதானத்தையோ தோட்டத்துத் தொழிற்சாலை வளவையோ பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய கையோடு பதினெட்டு வளைவிலோ ரதெல்லக் குறுக்கு வீதியிலோ போய்ப் பரீட்சித்துப் பார்க்கிற எண்ணம் வேண்டாம். பயிற்றப்படாத பேட் அந்தச் சூட்டில் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போகும்; அப்புறம் கத்தும், பிடிக்காது. அப்படி ஆனதை 120 அளவு உப்புத்தாளில் தட்டையாக வைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி பழக்கலாம்.

இறங்கும் விதம்

முன்பிரேக் எந்தக் கையில் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே விற்கிற சைக்கிள்களில் வலதுகையிலும் வரும், இடதுகையிலும் வரும். இரவல் வாங்கி ஓட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இறக்கம் முழுவதும் லீவரை மெல்லப் பிடித்தபடியே போவதுதான் பேட்டுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய கெடுதல். ரோட்டருக்கு ஆற நேரமே கிடைக்காது. நேரான பகுதியில் விட்டுவிடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் காற்று படட்டும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகக் கொஞ்ச நேரம் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வளையுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு அழுத்திப் பிடிப்பது ஈர றோட்டில் சறுக்கலில் முடியும். விடுகிற நேரமெல்லாம் ரோட்டர் ஆறுகிற நேரம்.

இதையே சாக்காக வைத்துக்கொண்டு வேகமாக இறங்கச் சொல்லவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நமக்குத் தெரியாது. பயமாக இருந்தால் மெதுவாகவே வாருங்கள், ஆனால் நின்று நின்று வாருங்கள். றம்பொடை இறக்கத்தில் தேத்தண்ணிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஒரு பிளேன்டி குடிக்கிற நேரத்தில் ரோட்டர் ஆறிவிடும். ஆறியதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். நீண்ட இறக்கத்தில் ரோட்டர் 200 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சூடு கூடினால் இரண்டு விதமாகத் தெரியும். லீவர் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் சைக்கிள் நிற்க மாட்டேன் என்கிறது, கருகல் வாடை வருகிறது: பேட் சூடேறிப் பிடி தளர்ந்துவிட்டது. ஆறவிட்டால் திரும்பும். லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் போகிறது: உள்ளே எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. இது ஆறினாலும் நம்ப வேண்டாம். எண்ணெய் மாற்றிக் காற்றெடுத்த பிறகே அடுத்த இறக்கம். அந்த வேலையைத் தெரிந்த ஒருவரிடம் விடுங்கள். ஷிமானோவும் டெக்ட்ரோவும் மினரல் ஒயில் கேட்பவை. ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகள் டொட் 5.1 கேட்பவை. இரண்டையும் மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும். மோட்டார் சைக்கிள் கடையில் "எல்லாம் ஒரே பிரேக் ஒயில்தான்" என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூட்டை கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 25 கிலோ மரக்கறி ஏற்றினால் 85 என்பது 110 ஆகிறது. பிரேக்கின் வேலை அந்த அளவுக்குக் கூடுகிறது, பேட்டின் ஆயுளும் அந்த அளவுக்குக் குறையும். கரியரில் சுமை வழக்கமாக வைப்பவராக இருந்தால், 160 மில்லிமீற்றர் ரோட்டரை 180 ஆக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள். கேலிப்பருக்கு ஒரு அடாப்டர் வேண்டியிருக்கும்; உங்கள் ஃபோர்க் அந்த அளவுக்கு இடம் கொடுக்குமா என்பதையும் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

எண்ணெய்

தேய்வதற்கு முன்பே தூக்கி எறியப்படுகிற பேட்டுகள் எண்ணெயால் போனவை. செயினுக்கு எண்ணெய் விடும்போது தெறிப்பது ஒன்று. சைக்கிளைப் பளபளப்பாக்க டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிப்பது இன்னொன்று. அந்தப் புகை ரோட்டரில் படிந்தால் போதும். மண்ணெண்ணெய்த் துணியால் முழுச் சைக்கிளையும் துடைக்கிற பழக்கம் ரிம் பிரேக் காலத்தில் தப்பியது, இங்கே தப்பாது. செயின் வேலை செய்யும்போது பின்ரோட்டரை ஒரு பொலித்தீன் பையால் மூடிவிடுங்கள்.

ரோட்டரில் எண்ணெய் பட்டால் ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைக்கலாம், பாமசியில் கேளுங்கள். கைக்குப் பூசுகிற சானிட்டைசர் ஜெல் வேண்டாம், அதில் தோலுக்கான பசையும் கிளிசரினும் இருக்கும். பேட்டுக்குள் எண்ணெய் ஊறிவிட்டால் அடுப்பில் சுட்டால் சரியாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சரியானது போல் தெரிகிற பேட்டை நம்பி வெல்லவாய இறக்கத்தில் போக எனக்குத் துணிவில்லை. மாற்றிவிடுங்கள்.

பையில் ஒரு சோடி

ஒரு சோடி புதிய பேட்டும் பொருந்தும் அலன் கீயும் சீற்றுக்கு அடியிலுள்ள பைக்குள் எப்போதும் கிடக்கட்டும். கைக்குட்டையளவு இடம்கூட அதற்கு வேண்டாம். பல சைக்கிள்களில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வடிவ பேட்தான்; அப்படி என்றால், கையில் புதியது இல்லாமல் வழியில் முன்பேட் தீர்ந்தாலும், பின்னிலிருப்பதைக் கழற்றி முன்னுக்குப் போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில், இடைக்கிடை நின்று அடுத்த டவுன் வரைக்கும் வரலாம். கழற்றிய பின்பிரேக்கின் லீவரை மறந்தும் அமுக்கிவிடாதபடி, ஞாபகத்துக்காக, லீவரை இழுத்துக் கட்டாமல் ஒரு துண்டுக் கயிறு அதில் சுற்றி வையுங்கள். சைக்கிளை ரயிலில் கொண்டுபோகச் சில்லைக் கழற்றும்போதும் இதே கவனம்தான்: பேட்டுகளுக்கு நடுவில் மடித்த காட்போட் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் தீர்ந்துபோனால் ஏறி உட்காராதீர்கள். இறங்கி உருட்டுங்கள். பின்னேரம் வெலிமடை, நுவரெலியாப் பக்கமிருந்து கீழே போகிற மரக்கறி லொறிகளுக்குக் கையைக் காட்டிப் பாருங்கள். மூட்டைகளுக்கு மேல் ஒரு சைக்கிளுக்கு இடம் பிடித்துத் தருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.